தண்டவாளத் துண்டும் பதினொரு துண்டு ஹோஸும்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல்கள் பிறகு. எரிச்சல்படுகிறவன் யார் என்று தெரியாமல் அவன் எரிச்சலைப் படிப்பதில் பிரயோசனமில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். மேலே படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை, பெஞ்சில் உட்கார எனக்கும் பொறுமையில்லை. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். எதிரே வெல்டிங் கடை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தே அந்தத் தொழிலைக் கற்றேன். கண்ணாடி போடாமல் பார்த்ததில் கண் வீங்கி, உருளைக்கிழங்கு வில்லையைக் கண்மேல் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் திரும்பவும் போய் நின்றேன். பிறகு தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் நாலு கம்பம், மேலே தகரம் என்று சொந்தப் பட்டறை. காற்று இரண்டு முறை கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் முறை ஆங்கிள் இரும்பு வைத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு காற்றுக்கே வெட்கமாகிவிட்டது.

கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கோயில் தேருக்கு இரும்பு அச்சு, பேத்தமங்களா பக்கத்து விவசாயிகளுக்குப் பம்பு வைக்கிற சட்டம், எல்லாம் செய்தேன். சுரங்கக் கம்பெனி அப்பாவுக்குக் கொடுத்த ஒன்றரை அறை லைன் வீட்டை நாலு அறை ஆக்கினேன். ஒரு பெரிய தொழிற்சாலையின் என்ஜினியர் என் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எந்த ஐ.டி.ஐ. என்று கேட்டார். "ரோட்டு ஓரம், சார்" என்றேன். எழுத்தையும் அப்படித்தான் கற்றேன், கடை போர்டுகளைப் பார்த்து. அதனால் இன்றும் என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக, நிழல் கொடுத்த மாதிரி இருக்கும். மருமகள் சிரிப்பாள். இதைத் தட்டச்சு செய்கிறவளும் அவள்தான், இந்த வரியையும் சேர்த்து.

இப்படிப்பட்டவனை இன்றைக்குத் தோற்கடிப்பது எது என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஃபேன். மகன் புதிதாக வாங்கி மாட்டினான். அதற்குச் சுவரில் ஸ்விட்ச் வேலை செய்யாது, ரிமோட் வேண்டும். ரிமோட் எங்கே? யாருக்கும் தெரியாது. தலைக்கு மேல் ஃபேன் தொங்குகிறது, கீழே நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்விட்ச் சுவரில் இருந்த காலத்தில் சுவர் காணாமல் போய் நான் பார்த்ததில்லை.

பார்சல் கொண்டுவருகிற பையன்கள் இன்னொரு கதை. அவர்கள் போனில் இருக்கிற வரைபடத்துக்கு எங்கள் லைன் தெரியாது. என் வீட்டுக்கு வர வேண்டியவனை அது சுரங்கத்து மண்மேட்டின் அடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். அங்கிருந்து அவன் எனக்குப் போன் செய்வான். "அங்கிள், உங்க வீடு எங்க? இங்க மண்ணுதான் கீது." கேஸ் புக் செய்யக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் கன்னடத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு என்று சொல்லிக்கொண்டே போகும். எனக்கு வேண்டியது வருவதற்குள் கண்ணாடியைத் தேடப் போயிருப்பேன். போனில் வருகிற ஆறு இலக்க நம்பரும் அப்படியே. நான் நாலாவது இலக்கத்தைப் படிக்கும்போது அதற்கு ஆயுசு முடிந்துவிடும்.

இவற்றையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே தாங்குவேன். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. 'நம்ம லைன் தண்ணி' என்கிற வாட்ஸ்அப் குரூப்.

எங்கள் லைனில் பதினாறு வீடுகள். தெருமுனையில் முதல் வீடு, அங்கிருந்து மெல்ல மேடேறிக் கடைசி வீடு. என் வீடு நடுவில். வாரத்துக்கு இரண்டு தரம், புதனும் சனியும், தண்ணீர் விடுவார்கள். எத்தனை மணிக்கு என்பது வால்வைத் திறக்கிற வாட்டர்மேனுக்கே முன்கூட்டித் தெரியாது. அவர் கையில் எத்தனையோ லைன். எங்கள் முறை வந்ததும் என் மருமகளுக்குக் கன்னடத்தில் ஒரு குரல் செய்தி அனுப்புவார்: "அக்கா, நீர் பிட்டித்தீனி." தண்ணீர் விட்டாயிற்று என்று. மருமகள் அப்போது பெங்களூரில் ஆபீஸில் இருப்பாள். காலை ரயிலில் போகிறவள். அவள் அதைக் குரூப்பில் போடுவாள். இதுதான் ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் குரூப்பில் தண்ணீரைவிடப் பூ அதிகம். காலை வணக்கம் என்று ஒரு ரோஜா, இனிய புதன் என்று ஒரு தாமரை, காபிக் கோப்பையில் ஒரு சாமி படம். ஒரு நாளைக்கு நூறாவது வரும். அதில் பாதி முதல் வீட்டுக்காரர் அனுப்புவது.

முதல் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துச் சுரங்கக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ், அந்த இரும்புக் கூண்டு, அவர் கையில்தான் ஓடியது. எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். என்ஜின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. முகத்துக்கு நேராகக் கத்தினால் கேட்கும். போன் மணி கேட்காது. அதனால் போனை ஒரு பூந்தோட்டமாக மட்டும் வைத்திருக்கிறார். எங்கள் லைனிலேயே பெரிய மோட்டார் அவருடையது, ஒரு ஹெச்.பி. அதை அவர் போட்டால் மேட்டில் இருக்கிற கடைசி வீட்டுக் குழாய் புஸ் என்று காற்றை விடும், அவ்வளவுதான்.

கடைசி வீட்டில் ஒரு அக்கா. அவருடைய வீட்டுக்காரர் அதே ஷாஃப்டில் பெல் அடிக்கிறவராக இருந்தார். கேஜில் ஆள் ஏறியதும் பெல் அடித்து டிரைவருக்குச் சைகை கொடுக்கிற வேலை. அவர் இறந்து இரண்டு வருஷம். அக்கா ஒரே பெண்ணைப் பங்காருபேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அக்கா வீட்டில் வைத்து.

செவ்வாய்க்கிழமை சம்மந்தியம்மா வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவக் குழாயைத் திருகினார்கள். புஸ். அக்கா ஓடிப்போய்ச் சொம்பில் மொண்டு ஊற்றினார். சம்மந்தியம்மா தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "அறுபது பேரு வருவாங்க. இன்னாத்துக்கு உங்களுக்குச் சிரமம்? எங்கூர்ல ஒரு ஹால் கீது, போர் தண்ணி கீது. அங்கயே வெச்சிக்கலாமே" என்றார்கள். கடைசியில், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அக்கா போன் செய்ய வேண்டும், தொட்டி நிரம்பியிருந்தால் வீட்டில், இல்லையென்றால் ஹாலில் என்று முடிவானது.

அன்றைக்கே அக்கா என் பட்டறைக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காத அக்கா.

"தம்பி, குடத்துல சொமந்தா சமையலுக்கு ஆவும். அறுபது பேரு கை கழுவ, ஏனம் கழுவ, பின்னாடி போவ, எப்படி? டேங்கர் லாரி இந்தச் சந்துல நொழையாது."

"ஹால்ல வெச்சா இன்னாக்கா? நல்லாத்தான இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். ஆனா அவங்கப்பா போனப்பறம் எங்கூட்டுல ஒரு நல்லது நடக்கல தம்பி. எம்பொண்ண எங்கூட்டு நடையில ஒக்கார வெச்சி வளையல் போடணும். ஹால்ல போட்டா ஹால்காரன் போட்ட மாதிரி இருக்கும்."

நான் என்ன சொன்னேன் என்றால், "நான் இருக்கறப்ப நீ எதுக்குக்கா கவலப்படற?" எனக்கு அப்போது ஒரு யோசனையும் இல்லை. ஆனால் சொல்லிவிட்டால் யோசனை பின்னாலேயே வரும் என்பது என் அனுபவம்.

புதன்கிழமைக்கு முதலில் குரூப்பை நம்பினேன். மருமகளை எழுதச் சொன்னேன்: தண்ணீர் வந்ததும் எல்லோரும் அரை மணி நேரம் மட்டும் மோட்டார் போட்டுவிட்டு நிறுத்துங்கள், கடைசி வீட்டுக்கு விடுங்கள். எழுதினாள். பன்னிரண்டு பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். புதன் காலை பத்தே முக்காலுக்குத் தண்ணீர் வந்தது. செய்தியும் வந்தது. அதற்கு மேலும் கீழும் தாமரை. அரை மணி கழித்து மற்ற வீடுகள் எப்படியோ ஓய்ந்தன. டிரைவர் அண்ணன் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது. நான் ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்காலுக்கு எது ஓட்டமோ அது.

"அண்ணே! மோட்டார நிறுத்துண்ணே!"

அவர் திண்ணையில் உட்கார்ந்து போனில் யாருக்கோ பூ அனுப்பிக்கொண்டிருந்தார். "இன்னாபா?"

"மோட்டாரு! நிறுத்து! மேல அக்காவுக்குத் தண்ணி போவல!"

அவர் எழுந்துபோய் நிறுத்தினார். அதற்குள் வாட்டர்மேன் வால்வை மூடிவிட்டுப் போயிருந்தார். விஷயத்தைக் காதருகே கத்திச் சொன்னேன். அண்ணன் முகம் வாடிவிட்டது. அக்காவின் வீட்டுக்காரரும் இவரும் ஒரே ஷிஃப்ட்.

"எனக்கு இந்தப் போனெல்லாம் ஆவாது. கூப்புட்டாலும் கேக்காது. ஒனக்கு நிறுத்தணும்னா பெல் அடி, அது எங்க அடிச்சாலும் எனக்குக் கேக்கும். வாய்ச் சொல்லுக்கு நான் வண்டி எடுத்ததும் இல்ல, நிறுத்தினதும் இல்ல. இருபத்தெட்டு வருஷம். ஒரு ஆளுக்குக் கீறல் கெடையாது."

அங்கேயே, அந்த இடத்திலேயே, எனக்கு யோசனை முழுசாக வந்தது. அவருடைய மோட்டாரை நிறுத்துவது ஒரு வேலையா? அதையே அக்காவுக்கு ஓடவிட்டால்? முதல் வீட்டில்தான் தண்ணீர் வேகம். அங்கிருந்து ஒரு ஹோஸ் பைப்பை மேடேற்றிக் கடைசி வீட்டுத் தொட்டியில் விட்டால், ஒரு ஹெச்.பி. மோட்டார் அரை மணியில் நிரப்பிவிடும். பதினாறு வீட்டிலும் இத்தனை வருஷமாக எவனுக்கும் இது தோன்றவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நீளத்துக்கு யாரிடமும் ஹோஸ் இல்லை. வீடு வீடாகப் போனேன். பச்சை, மஞ்சள், நீலம், வெயிலில் நிறமே போனது, தோட்டத்துக்கு விடுவது, ஸ்கூட்டர் கழுவுவது என்று பதினொரு துண்டு சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வியாழக்கிழமை முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து உள்ளே இரும்புக் குழாய்த் துண்டு கொடுத்து, வெளியே கிளாம்ப் போட்டு, பத்து இடத்தில் இணைத்தேன். ஒரு துண்டுக்கு மட்டும் அதன் சொந்தக்காரர் தானே கிளாம்ப் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். விட்டுவிட்டேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெல். பழைய இரும்புக் கடையில் டிராலி ஓடுகிற தண்டவாளத்தில் ஒரு முழத் துண்டு கிடைத்தது. சுத்தியலால் தட்டினால் அதன் நாதம் அடங்க நேரமாகும். அதற்கு ஒரு கொக்கி, கொக்கியைத் தாங்க ஒரு வளைந்த சட்டம், சட்டத்தின் நுனியில் ஒரு இரும்புப் பூ. பூ தேவையில்லைதான். ஆனால் வெறும் சட்டமாக விட என் கை ஒப்பாது. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று லைனின் நடுவே, என் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதன் கீழே கூடிப் பேசினோம். மருமகள் ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்தாள். டிரைவர் அண்ணன்தான் சைகை சொன்னார்: மூன்று அடித்தால் மோட்டார் போட வேண்டும், ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும்.

"கேஜுக்கும் அதானண்ணே? மூணு அடிச்சா ஆளு ஏறுது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாம்பா. ஆளுன்னாலும் தண்ணின்னாலும் எனக்கு ஒண்ணுதான். மொறையா அடிங்க, மொறையா எடுப்பேன்."

"மாமா, எனக்கு ஒரு டவுட்டு" என்றாள் மருமகள். "நீங்க நடுவுல நின்னுகினு அடிச்சா, மேல ஹோஸ பிடிக்கிறவங்க ரெடின்னு கீழ எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ஆபீசுக்குப் போ" என்றேன். இதையும் அவளே தட்டச்சு செய்கிறாள். செய்யட்டும்.

சனிக்கிழமை தண்ணீர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. எல்லா வீடுகளும் குழாயை மூடிக் காத்திருந்தன. அதைச் சொல்ல வேண்டும், எங்கள் லைன் ஜனங்கள் தங்கம். அக்காவும், முதல் நாளே தாய்வீட்டுக்கு வந்துவிட்ட அவர் மகளும் மேலே தொட்டி பக்கத்தில். பக்கத்து வீட்டுக்காரர் ஹோஸின் நுனியைத் தொட்டிக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே டிரைவர் அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, பேண்ட் போட்டு, மோட்டார் ஸ்விட்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் சுத்தியலை எடுத்தேன்.

டண். டண். டண்.

மண்மேடு வரைக்கும் கேட்டிருக்கும். மோட்டார் ஓடவில்லை.

திரும்பவும் மூன்று. ஓடவில்லை. இன்னும் பலமாக மூன்று. அடுத்த லைனிலிருந்து பென்ஷன்காரர்கள் நாலைந்து பேர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். "இன்னா ஆச்சி? யாரு எறங்கறாங்க?" என்று ஒருவர் கேட்டார். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆனாலும் மூன்று அடி கேட்டால் அவர்கள் கால் தானாக நடக்கிறது. நான் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"அண்ணே! கேக்கலயா?"

"நல்லா கேக்குது. மூணு தரம் மூணு அடிச்ச."

"அப்பறம் இன்னாண்ணே? போடு!"

"பதில் வரலியேபா."

"இன்னா பதிலு? நான்தான் அடிச்சேன், நானே வந்து நிக்கறேன்!"

"நீ எங்க நின்னுகினு அடிச்ச? நடுவுல. நடுவுல நிக்கிறவனுக்கு மேல இன்னா நடக்குதுன்னு எப்படித் தெரியும்? ஆளு ஏறற எடத்துலேர்ந்து திருப்பி மூணு அடிக்கணும். அது வந்தாத்தான் வண்டி நகரும். பைப்பு வாயி தொட்டில இல்லாத நேரத்துல நான் போட்டேன்னு வெய்யி, ஒன் பத்து இணைப்பும் பிச்சிக்கும்."

"நான் சொல்றேன்ல, தொட்டிலதான் கீது!"

"வாய்ச் சொல்லு" என்றார் அண்ணன். ஸ்விட்சிலிருந்து கையும் எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை.

நான் ஷாஃப்டில் ஒரு நாளும் இறங்காதவன். என் தொழில் முழுக்க வெளியே, வெயிலில். பெல்லுக்குப் பதில் பெல் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் கேட்டுப் பக்கத்தில் ஒரு தண்டவாளம், மேலே ஒன்றும் இல்லை. அதுதான் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் மட்டுமே இது தப்பு. வேறு எந்த ஊரிலும் மூன்று அடித்தால் மோட்டார் ஓடியிருக்கும்.

அப்போது வாட்டர்மேன் மொபெட்டில் வந்து நின்றார். "அண்ணா, இன்னு இப்பத்து நிமிஷ, அஷ்டே." இன்னும் இருபது நிமிஷம், அவ்வளவுதான். அடுத்த லைனுக்குத் திறக்க வேண்டும். மணி நாலே கால். ஐந்துக்குள் அக்கா போன் செய்ய வேண்டும். நான் மேட்டைப் பார்த்தேன். அங்கே ஓடிப்போய் அடிப்பதற்கு என்ன இருக்கிறது? தண்டவாளத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் மாட்டியது அவ்வளவு சுலபமாகக் கழலாது, அது வேறு.

திரும்பவும் என் கேட்டுக்கு ஓடி, வேறு வழி தெரியாமல், இன்னொரு மூன்று அடித்தேன். டண். டண். டண்.

அந்த ஓசை அடங்கும்போது மேட்டிலிருந்து வந்தது.

டங். டங். டங்.

தண்டவாளத்தின் குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வாசலில் நின்றுகொண்டு, வளைகாப்புச் சமையலுக்கு இரவல் வாங்கி வைத்திருந்த பெரிய இரும்புத் தோசைக்கல்லை அதன் வளையத்தில் பிடித்துத் தூக்கியிருந்தார். இரண்டு கையாலும், முகம் சிவக்க. பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு அவர் மகள், கையில் அம்மிக் குழவியோ என்று பார்த்தேன், இல்லை, என்னுடைய ஸ்பேனர். ஹோஸ் மாட்டப் போனபோது மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாவது டங் முடியவில்லை, கீழே மோட்டார் உறுமியது.

பிறகு நான் பார்த்ததை நீங்களும் பார்த்திருக்க வேண்டும். தரையில் செத்த பாம்பு மாதிரி கிடந்த ஹோஸ் பச்சைத் துண்டில் உப்பியது, மஞ்சளில் உப்பியது, நீலத்துக்குப் போனது, மேடேறியது. என் பத்து இணைப்பில் ஒன்பது ஒரு சொட்டு விடவில்லை. பத்தாவது பீய்ச்சி அடித்தது. யாருடைய கிளாம்ப் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். அவர் அதன் மேல் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், முழுக்க நனைந்துகொண்டு. அடுத்த லைன் பென்ஷன்காரர்கள் ஓரமாக நின்று ஹோஸை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். தொட்டி நிரம்பியது, டிரம்களுக்கு மாற்றினார்கள். வாட்டர்மேனும் இருபதை இருபத்தைந்து ஆக்கினார். அவரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மேலிருந்து ஒரே ஒரு டங். அந்த ஓசை காதில் இருக்கும்போதே மோட்டார் நின்றது.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா போனில் இருந்தார். "ஆமாங்க. ரொம்பிச்சி. வழியுது. நாளைக்கு இங்கதான். பத்து மணிக்கெல்லாம் வந்துடுங்க." போனை வைத்துவிட்டு நடையிலேயே உட்கார்ந்தார். தோசைக்கல் மடியில் இருந்தது.

"உனுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சி வந்து அவரு சாப்பிடறப்ப தட்ட வெரலால தட்டுவாரு, தம்பி. மூணு. நான் சமையக்கட்டுலேர்ந்து கரண்டியால மூணு தட்டுவேன். அதுக்கப்பறம்தான் ரசம் போவும்." சிரித்தார். "நீ மூணு மூணா அடிச்சிகினே இருக்க, பதில் சொல்றவங்க இல்ல. கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சி. இவதான், அம்மா திருப்பி அடின்னு சொன்னா."

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு அந்த நடையிலேயே நடந்தது. அறுபது என்று சொல்லி எண்பது பேர் வந்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. சம்மந்தியம்மா குழாயைத் திருகிக் கை கழுவினார்கள், இரண்டு தரம், வேண்டுமென்றே. அந்தப் பெண் கையில் முழங்கை வரை கண்ணாடி வளையல். புளியோதரையும் தயிர்சாதமும் எலுமிச்சைசாதமும் நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

எல்லாம் நல்லபடி. ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே, ரயிலில் வந்துகொண்டிருந்த என் மருமகள் விஷயம் கேள்விப்பட்டுக் குரூப்பில் ஒன்று எழுதினாள்: "டிரைவர் பெரியப்பாவுக்கும் கடைசி வீட்டு அத்தைக்கும் நம்ம லைன் சார்பா ரொம்ப நன்றி." அதன் கீழே நாற்பது கும்பிடு. தாமரை, ரோஜா, கைத்தட்டல். டிரைவர் அண்ணன் தனக்குத்தானே ஒரு சூரியகாந்தி அனுப்பிக்கொண்டார். வளைகாப்பில் அவருக்கு முதல் இலை. அக்கா தோசைக்கல் கதையைப் பங்காருபேட்டைக்காரர்களுக்கு நாலு தரம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன், நாலு தரமும். தண்டவாளம் என்று ஒன்று இருந்ததாகவே கதையில் வரவில்லை.

இப்போது லைனின் நடுவில் ஒன்று, மேலே கடைசி வீட்டில் ஒன்று என்று இரண்டு பெல் இருக்கிறது. மேலே இருப்பதும் நான் மாட்டியதுதான். புதனும் சனியும் முதலில் கடைசி வீடு, பிறகுதான் மற்றவர்கள். பக்கத்து இரண்டு லைன்காரர்கள் வந்து பார்த்து, அளவெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடமும் எங்கள் லைன்காரர்கள் குரூப்பில் இருக்கிற அந்த நன்றியைத்தான் காட்டுகிறார்கள்.

நேற்று மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அந்த நன்றியத் திருத்து."

"இன்னான்னு திருத்தறது மாமா?"

"ஹோஸ மேல விடற யோசனை, பதினொரு துண்ட சேர்த்தது, தண்டவாளம், கொக்கி, சட்டம். இதெல்லாம் யாரு செஞ்சதுன்னு போடு."

"பதில் பெல் வெக்காம விட்டது யாருன்னும் போடட்டுமா?"

"போடு. பொய் எழுதச் சொல்லல. ஸ்பேனரு யாருதுன்னும் போடு."

"இரும்புப் பூவையும் போடட்டுமா?"

"அத முதல்ல போடு."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இன்னும் திருத்தவில்லை. அதனால்தான் இதை எழுதவைக்கிறேன். டிரைவர் அண்ணனுக்கு நன்றி சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவுக்கும் அவர் மகளுக்கும் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் என் வரி வர வேண்டும், முதலில் வர வேண்டும், நடுவில் தாமரை எதுவும் இல்லாமல் வர வேண்டும். குரூப்பில் இருக்கிற பதினாறு வீட்டுக்காரர்களும் அதன் கீழே கும்பிடு போட வேண்டும். கிளாம்ப் போட்டவர் இரண்டு போட வேண்டும்.